அப்பாவால் ஏற முடியாத வீடு

அந்த மலை வீட்டுக்கு வேண்டுமென்றேதான் படிகளை வைத்தேன். சரிவு காரணமல்ல, நானே காரணம். சக்கர நாற்காலியில் இருக்கும் என் அப்பா அதற்குள் நுழையக்கூடாது... அதற்காகவே வரைந்தேன்!

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். கடற்கரை ஊரான பள்ளிமுனையில் எங்கள் வீட்டில் நீங்கள் வளரவில்லை. மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்து, குடித்துவிட்டு, அம்மாவின் கொண்டையைப் பிடித்து முற்றமெல்லாம் இழுத்த மனிதரை நீங்கள் பார்த்ததில்லை. மறுநாள் தேவாலயத்துப் பூசைக்கு அம்மா முக்காட்டால் கன்னத்தை மறைத்துக்கொண்டு போவாள். ஒருவரும் கேட்கவில்லை. கோயில் நிறைந்த சனத்தில் ஒருவர்கூட!

அண்ணன் விடுதியில் படித்து, அப்படியே கனடாவுக்குப் போனவன். அவன் அறிந்த அப்பா, விடுமுறைக்கு வந்தால் நண்டு பிடித்து வரும் அப்பா. மலைநாட்டில், பண்டாரவளையில் காணி வாங்கியதும் அவன் என்னைத்தான் அழைத்தான். நான் கட்டடக் கலைஞர் அல்லவா.

"குடும்பம், சிநேகிதர் எல்லாரும் நத்தாருக்கு ஒண்டா இருக்கவேணும். வடிவான வீடாக் கீறித் தா."

கீறினேன். அம்மாவுக்காகக் கீறினேன். உச்சியில் கண்ணாடிச் சுவருடன் சாப்பாட்டு மண்டபம், எல்லோரும் அமர ஒரே நீண்ட மேசை, பனிமூட்டத்தைப் பார்த்தபடி அம்மாவின் கதிரை. தரைமட்டத்தில் வண்டித் தரிப்பிடமும் சாரதியின் அறையும் மட்டும்.

"பின்பக்கத்தால ஒரு சாய்தளம் போடலாம், மிஸ்" என்றார் பொறியியலாளர். வீட்டின் அழகு கெடும் என்றேன். பொய்! மலையில் வேறு வழியில்லை என்று அண்ணனிடமும் சொன்னேன்.

பாரிசவாதத்தால் நடக்க முடியாத அப்பா ஊரிலேயே கிடப்பார் என்று நினைத்திருந்தேன். டிசம்பரில், முதல் நத்தார் விருந்துக்கே அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அண்ணனின் பிள்ளைகள் படியால் தூக்கப் போனபோது, "என்னைத் தூக்கிறேல்ல, விடுங்கோடா!" என்று அப்பா கத்தினார். அந்த நிலையிலும் அந்தத் திமிர்! சாரதியின் அறையிலேயே விட்டார்கள்.

மேலே விருந்தாளிகள் காட்சியைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அம்மா இரண்டு தட்டுகளில் சோற்றைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். பின்னாலேயே ஓடினேன்.

"அம்மா, மேல வாங்கோ. உங்களுக்காகத்தான் இந்த வீட்டையே கீறினனான்."

"அவரைத் தனிய விட்டிட்டு எப்பிடிப் பிள்ளை வாறது? ஏன், சாய்வா ஒரு பாதை போட ஏலாதே?"

"ஏலாதம்மா."

"பாவம், நீயும் என்ன செய்வாய்..." என்று என் முதுகைத் தடவினாள்.

அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உன்னை அடித்தவனுக்கா பக்கத்தில் இருந்து ஊட்டுகிறாய்? என் மேசையில் உனக்கு வைத்த இடம் வெறுமையாகக் கிடக்கிறதே! தனியே படியேறினேன். அங்கிருந்த நாட்கள் முழுவதும் அம்மா மேலே வரவேயில்லை. அடுத்த நத்தாருக்கு அவள் உயிரோடு இல்லை.

யாரைத் தண்டித்தேன்? சொல்லுங்கள், யாரை?

பங்குச் சுவாமியிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. அதற்கு மனம் வருந்த வேண்டுமே! அம்மாவிடம் சொன்ன அந்தப் பொய்க்கு நெஞ்சு வெடிக்கிறது. அப்பாவுக்குச் செய்ததற்கு... இல்லை. இன்றும் இல்லை.

இந்த வருடமும் அண்ணன் எல்லோரையும் மலைக்கு அழைத்திருக்கிறான். நான் போகவில்லை. பள்ளிமுனையில் அப்பா அம்மாவின் பெயரைச் சொல்லி அழுகிறார். நான் அவருக்குச் சோறு ஊட்டுகிறேன். அம்மா விட்டுப்போன வேலை... அதை இரக்கம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.