மூடி என்னிடம் இருந்தது

2007இல் அண்ணாமலை நகர் வங்கியில் ஒருவர் பேனா கேட்டார். என்னுடையது பழைய மைப்பேனா. லேசாக அழுத்தினால் நிப்பு விரிந்து எழுத்து தடிக்கும், விட்டால் மெலியும். திரும்பி வரவேண்டுமே என்று, எல்லாரையும் போல மூடியை வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கொடுத்தேன். மூடியைப் பத்திரமாகப் பிடித்திருந்த புத்திசாலி, அவர் செலானுக்கு அடியில் கார்பன் வைத்திருந்ததைப் பார்க்கவில்லை.

"அழுத்துனாதான சார் மூணு தாள்லயும் வுழுது" என்று திருப்பிக் கொடுத்தார். நிப்பு காக்கை வாயைப் போலப் பிளந்திருந்தது. கடலூரில் நான் காட்டாத கடையில்லை. "தூக்கிப் போடுங்க சார்" என்றார்கள்.

இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது. யாராவது கேட்டால், "எழுதாதுங்க" என்கிறேன். அது பொய்யாக இருக்கக் கூடாதா?