திருப்பிக் கொடுக்காத குரல்

தென்காசியிலிருந்து குற்றாலம், செங்கோட்டை வழியாகப் புளியறைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் ஏசுவடியானைத் தெரியாதவர்கள் கிடையாது. மற்ற நிறுத்தங்களில் எல்லாம் ஊர்ப் பெயரைத் தொண்டை கிழியக் கூவுவான். குற்றாலம் நெருங்கியதும் வாயை இறுக மூடிக்கொண்டு விசிலை எடுத்துவிடுவான். அங்கே யார் எதைக் கேட்டாலும் கையாலும் தலையாலும்தான் பதில். "வாயத் தொறந்தா அருவித் தண்ணி உள்ள போயிருமாக்கும்" என்று பெண்கள் கேலி பேசுவார்கள். ஆனால் முன் ஸீட்டில் தினமும் ஒருத்தர் திரும்பி உட்கார்ந்து, அவன் வாயையே பார்த்துக்கொண்டு வருவாரே, அவரை யாரும் கேலி பேசியதில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அந்தத் தைரியம் வராது.

இந்த ஏசுவடியான் நடிகனாக வேண்டியவன். நான் சும்மா சொல்லவில்லை, அதற்கென்றே படித்தவன். ஐம்பதுகளின் நடுவில் தென்காசிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் பையன்களுக்குத் தொழில் பிரிவுகள் தொடங்கினார்கள். நெசவு, டைப், அப்புறம் யாருக்குத் தோன்றியதோ, நாடகம். நெசவு படித்தால் தறி, டைப் படித்தால் ஆபீஸ், இதைப் படித்தால் நாடகக் கம்பெனியில் சம்பளம் என்று தலைமை ஆசிரியர் பெற்றோரிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். பீடி சுற்றி மகனைப் படிக்கவைத்த ஏசுவடியானின் அம்மா அதை அப்படியே நம்பினாள். பாவம், நம்பாமல் என்ன செய்வாள்.

வாத்தியார் ஞானசம்பந்தம், சின்ன வயதில் பாய்ஸ் கம்பெனியில் ஸ்திரீ பார்ட் போட்டவர். அரிதாரம் பூசுவது, சீன் வரைவது, மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை குரலை எறிவது எல்லாம் கற்றுக்கொடுத்தார். முக்கியமான பாடம் 'ஆள் எடுப்பது'. உயிரோடு இருக்கிற ஒருத்தரை அவருக்குத் தெரியாமல் கவனித்து, நடையையும் குரலையும் அப்படியே எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஆனால் எடுத்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவர் முன்னாலேயே போய் நின்று, அவர் குரலில் நாலு வார்த்தை பேச வேண்டும். அவர் சிரிக்கலாம், செருப்பைக் கழற்றலாம். எதுவானாலும் சரி, அத்தோடு கணக்குத் தீர்ந்தது. கம்பெனிக்காரர்களின் பழைய வழக்கம் அது.

ஏசுவடியானுக்கு நாடகத்தில் புருஷனைத் திட்டும் சந்தைக்காரி வேஷம். அவன் எடுத்த ஆள், பேரருவிக்குப் போகும் வழியில் மங்குஸ்தான் பழம் விற்ற சொக்கம்மாள். அருவி இரைச்சலைக் கிழித்துக்கொண்டு மேலே போய், முடிவில் லேசாக உடையும் குரல் அவளுக்கு. அவள் புருஷன் சுந்தரபாண்டி, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் குதிரை வண்டி ஓட்டியவர். "இந்தாரும், குதிரைக்குக் கொள்ளு வச்சீரா?" என்று அவள் கேட்டால் நடுரோட்டில் போகிற குதிரையே திரும்பிப் பார்க்கும்.

வகுப்பில் அவன் அதைப் பேசிக் காட்டியதும் பையன்கள் சிரிப்பை மறந்து உட்கார்ந்துவிட்டார்கள். "போய்த் திருப்பிக் குடுத்திரு" என்றார் ஞானசம்பந்தம். அவன் போகவில்லை. கொடுத்துவிட்டால் குரல் தளர்ந்துபோகும் என்று பையன்களுக்குள் ஒரு பேச்சு. சாரல் காலத்தில் குற்றாலத்தில் கொட்டகை போடும் கம்பெனி முதலாளி முன்னால்தான் அவர்களுக்குப் பரீட்சை. அதுவரை குரல் பழுதில்லாமல் இருக்கட்டுமே என்று நினைத்தான். ஆசைதான், வேறென்ன.

பரீட்சைக்கு முன்பே மலைமேல் பேய்மழை பெய்தது. அருவி செம்மண் நிறத்தில் பொங்கி, கூடையோடு நின்ற சொக்கம்மாளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூடை கிடைத்தது. அவள் கிடைக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் கருமாதி செய்யமாட்டேன் என்று சுந்தரபாண்டி உறவுக்காரர்களை விரட்டியடித்தார்.

ஏசுவடியான் வேஷத்தை விட்டுவிடுகிறேன் என்று அழுதான். "இந்தக் கிளாஸ்ல இருந்து ஒருத்தனாவது வேலைக்குப் போவலைன்னா பிரிவையே மூடிருவாங்கலே. பேசாம ஆடு" என்றார் வாத்தியார். ஆடினான். புடவையைச் சொருகிக்கொண்டு முதல் வசனத்தைப் பேசியதும் கொட்டகையின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏட்டி, எங்கன இருக்க?"

சுந்தரபாண்டிதான். முதலாளிக்கு அது யாரென்று தெரியாது. ஜனங்களை இப்படி எழுப்புகிற பையன் கிடைத்தால் விடுவாரா? கொட்டகையைப் பிரித்ததும் மதுரை ரயிலில் தங்களோடு வந்துவிடச் சொன்னார். இதே குரலோடு வர வேண்டும் என்றும் சொல்லிவைத்தார்.

மறுநாள் சாயங்காலம் சுந்தரபாண்டி வண்டியோடு வீட்டு வாசலில் நின்றார். "தம்பி, ஒரு வாட்டி பேசு. போதும்." பேசினான். போதவில்லை. அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். தன் வீட்டுக்கே அழைத்துப்போய், இரண்டு தட்டில் சோறு வைத்து, எதிரே உட்காரவைத்தார். கொள்ளு, குதிரை, பழ விலை என்று தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசினான் ஏசுவடியான்.

ஒரு நாள், "இந்தாரும், வலது காதுக்கு எண்ண விட்டீரா?" என்று அவன் வாய் கேட்டது. சுந்தரபாண்டி பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

"எங் காது வலி அவளுக்கு மட்டுந்தான் தெரியும். உனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று அவன் நினைக்கவும் இல்லை. எழுந்து வீட்டுக்கு ஓடிவந்தான். அன்று ராத்திரி தூக்கத்தில் தண்ணீர் கேட்டபோது அம்மா செம்பைக் கீழே போட்டுவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு மூலையில் ஒண்டினாள். மகன் படுத்திருந்த பாயிலிருந்து ஒரு பொம்பளை பேசினால் எந்தத் தாய்தான் பயப்படமாட்டாள்? விடிந்ததும் அவன் வாத்தியாரிடம் ஓடினான்.

"நான் திருப்பிக் குடுக்கல சார். இனி யார்ட்ட போயிக் குடுப்பேன்?"

ஞானசம்பந்தம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு, "முதலாளிக்கு வேண்டியது அந்தக் குரல்தான். வாய மூடிக்கிட்டு ரயிலேறு" என்றார். அவரும் பயந்துதான் போயிருந்தார்.

ரயிலுக்குக் கிளம்பும் நாள் சாயங்காலம், கடைசியாக ஒரு தடவை என்று சுந்தரபாண்டி வீட்டுக்குப் போனான். அவரைச் சமாதானப்படுத்திவிட்டு, குரலோடு தப்பித்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவன் திட்டம்.

"அன்னைக்குக் காலையில என்ட்ட கோவிச்சிக்கிட்டு, ஒரு வார்த்த சொல்லாம கூடையத் தூக்கிட்டா" என்றார் சுந்தரபாண்டி. "அந்த ஒரு வார்த்தயச் சொல்லச் சொல்லு. நான் கெடந்து காத்துக்கிடுதேன்."

'போயிட்டு வாரேன்.' இதுதானே, சொல்லிவிட்டால் போயிற்று என்று ஏசுவடியான் வாயைத் திறந்தான்.

"நான் போறேன்" என்றது குரல்.

நம் வீடுகளில் எவளாவது வாசலில் நின்று அப்படிச் சொல்வாளா? சாவுக்குப் போகிறவள்கூடச் சொல்லமாட்டாள். வெளியே குதிரை கயிற்றை இழுத்துக்கொண்டு கனைத்தது. ஏசுவடியானின் தொண்டையிலிருந்து ஈரமாக ஏதோ ஒன்று எழுந்து, வாய் வழியாக வெளியே போனது. தரையில் பார்த்தான். ஒன்றும் இல்லை. வீடு முழுக்க மங்குஸ்தான் வாசனை அடித்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது.

சுந்தரபாண்டி கருமாதி செய்தார். ரயிலடியில் முதலாளி பேசிக் காட்டச் சொன்னபோது ஏசுவடியானிடம் மீசை அரும்பிய ஒரு பையனின் கரகரப்புதான் இருந்தது. அவனை விட்டுவிட்டு ரயில் போயிற்று. அடுத்த வருஷமே நாடகப் பிரிவை மூடினார்கள். அவன் பஸ் கண்டக்டர் ஆனான். குரலை எறியப் படித்தது அந்த மட்டில் உதவியது. குற்றாலம் என்றும் அப்போது வாய்விட்டுத்தான் கூவினான்.

அறுபத்து மூன்றில் ஒரு நாள், வண்டியையும் குதிரையையும் விற்றுவிட்ட சுந்தரபாண்டி அந்த பஸ்ஸில் ஏறினார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, அவன் கையைப் பிடித்தார்.

"என் மேல எரக்கப்பட்டுத்தான அன்னைக்கு 'போறேன்'னு சொன்ன? நீ சொல்லலன்னா நான் இன்னும் அங்கனயே உக்காந்திருப்பேன். நீ நல்லாருக்கணும்."

செய்யாத புண்ணியத்துக்கு எப்படிக் கும்பிடு வாங்குவது? அவனுக்கு மனசு கேட்கவில்லை. "நான் வாரேன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன், அண்ணாச்சி. அந்தச் சொல்லு என்னுது இல்ல. அவுகதான் சொன்னாக."

உண்மையைச் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துவிட்டான் மடையன். சுந்தரபாண்டி அவன் கையை விடவே இல்லை. குற்றாலம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே அருவி இரைந்தது. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்ததும் ஏசுவடியான் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான்.

"அவளா வந்துதான் பேசினாளா?" என்றார் சுந்தரபாண்டி. "அப்பம் இன்னொரு நாளும் பேசுவா."

மறுநாள் காலையில் அவர் முன் ஸீட்டில் வந்து திரும்பி உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குத்தான் குற்றாலம் வந்ததும் ஏசுவடியான் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு விசிலை எடுத்தான்.