அப்பா சொன்ன ‘சரி’

தேர்வுப் பயிற்சிப் புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு அக்கா ஒரு கேள்வியை உரக்கப் படித்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பிள்ளையார்பாளையத்து வீட்டின் கூடத்தில் அப்பா தறியில் இருந்தார். வங்கி அதிகாரித் தேர்வுக்கு அக்கா படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் கடைசி ஆண்டில் இருந்த நான் அவளுக்குத் துணை. கேள்வி இதுதான்: ‘மகளைக் கணினி வகுப்பில் சேர்த்துவிடு, வேலை கிடைக்கும்’ என்று ஒருவர் நண்பரிடம் சொல்கிறார். அவர் சொல்லாமலே உண்மையென்று எடுத்துக்கொண்டது எது? அந்தப் பெண்ணால் கணினி கற்றுக்கொள்ள முடியும் என்பதா, மகளை வேலைக்கு அனுப்ப நண்பருக்கு விருப்பம் உண்டு என்பதா, இரண்டுமா?

முதலாவது மட்டும்தான் என்றேன் நான். “நம்ம தெருவுல யாரு பொண்ண வேலைக்கு அனுப்பறாங்க, அக்கா?”

“நம்ம தெருவப் பத்தி யாருடி கேட்டாங்க? சொல்றவரு மனசுல எத வெச்சுக்கினு சொல்றாரு, அதான் கேள்வி. அந்த நண்பருக்கு இஷ்டமே இல்லன்னு வெச்சுக்கோ, அவர்கிட்டப் போயி இந்த யோசனைய எதுக்குச் சொல்லணும்?”

இப்படி யாரோ முகம் தெரியாதவர்களின் பேச்சுக்கு அடியில் இருப்பதையெல்லாம் அவள் எளிதாக எடுத்துக் காட்டுவாள். எழுத்துத் தேர்வில் தேறியதில் எங்களுக்கு வியப்பே இல்லை.

நேர்முகத் தேர்வுக்கு அன்றைய நெசவை விட்டுவிட்டு அப்பாவே சென்னைக்குக் கூட்டிப்போனார். வடக்கே தூரத்தில் வேலை கொடுத்தால் போவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். தென்னிந்தியாவுக்குள் என்றால்தான் முடியும் என்று அக்கா சொல்லிவிட்டாள். அதை அவள் முன்பே தீர்மானித்துவிட்டாள். கல்லூரியில் ஊட்டிக்குச் சுற்றுலா போனபோது அப்பா அனுப்பவில்லை. பக்கத்திலிருந்த முசரவாக்கத்தில் தோழியின் கல்யாணத்துக்குக்கூட என்னைத் துணைக்கு அனுப்பியவர் அவர்.

திரும்பி வரும் பேருந்தில், “ரொம்ப தூரமாப் போட்டா போவியான்னு கேட்டாங்கப்பா. முடியாதுன்னு சொல்லிட்டேன்” என்றாளாம். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி “சரி” என்றாராம்.

“ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல பாரு. அனுப்பமாட்டாருன்னு எனக்குத் தெரியும்டி” என்று அன்று மாலை என்னிடம் சொன்னாள். எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. வேலை கிடைக்கவில்லை. அடுத்த வருஷமே செவிலிமேட்டில் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். அத்தான் நல்ல மனிதர். ஆனாலும் அக்கா அதன்பிறகு எந்தத் தேர்வும் எழுதவில்லை.

பிறகு அதே தேர்வை நானும் எழுதினேன். வேலை உத்தரவு வந்தது ஓர் ஆடி மாதத்தில். அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் நின்றேன்.

“அப்பா, ஜபல்பூர்ல போட்டிருக்காங்க. மத்தியப் பிரதேசம். ஒரு நாளுக்கு மேல ரயில்லயே போவணுமாம்.”

அப்பா நெய்வதை நிறுத்தினார். “தங்கறதுக்கு எடம் இருக்குதா?”

“லேடீஸ் ஹாஸ்டல் இருக்குதாம்பா.”

“அப்ப போயிட்டு வாம்மா. மொதல்ல நான் கூட வந்து பாத்து, விட்டுட்டு வரேன்.”

அவ்வளவுதான். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவின் கை நின்றுவிட்டது.

“என்னையும் அனுப்பியிருப்பியாப்பா?”

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். “ஏம்மா அனுப்பமாட்டேன்? நீதான் முடியாதுன்னு சொல்லிட்டு வந்த. எங்கள உட்டுட்டுப் போவ உனக்கு மனசில்லன்னு நெனச்சுக்கினேன்.”

“ஊட்டிக்கு அனுப்பலயே.”

“அது ஊர் சுத்தறதும்மா. இது வேலை.”

ஆய்ந்த கீரையும் ஆயாத கீரையும் ஒன்றாகக் கிடந்த முறத்தை எடுத்துக்கொண்டு அக்கா உள்ளே போனாள். வெகு நேரம் தறிச் சத்தம் கேட்கவில்லை.

அவள் அப்பாவைக் கேட்டிருக்கலாம் என்று நான் பல வருஷங்கள் நினைத்திருக்கிறேன். அவர் வாயிலிருந்தே ‘வேண்டாம்’ என்று கேட்க நேர்ந்தால் தாங்க முடியாது என்றுதான், அந்த வார்த்தையைத் தானே சொல்லிவிட்டாளோ என்னவோ. புத்தகத்தில் வருபவர்களின் மனசைப் படிப்பது அவளுக்கு எளிது; அவர்கள் யாரும் அவளுக்கு அப்பா இல்லை. அப்பாவும் கேட்டிருக்கலாம். பெண்ணின் விருப்பத்தில் குறுக்கே நிற்கக்கூடாது என்று ஒதுங்கியவர், அந்த விருப்பம் என்ன என்பதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த ஆடிக்குப் பிறகு, அக்கா வந்திருக்கும்போது என் வேலையைப் பற்றி யாராவது விசாரித்தால் அப்பா குரலைத் தாழ்த்திக்கொள்வார். கடைசிவரை அப்படித்தான் இருந்தார்.

அவர் போன பிறகு, நான் நாக்பூரில் கிளை மேலாளராக இருந்தபோது அக்கா முதல்முறையாக என்னிடம் வந்தாள். வங்கியைப் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டாள். வாடிக்கையாளர்கள் அமரும் நாற்காலியில் எனக்கு எதிரே உட்கார்ந்து, மேஜையை, தொலைபேசியை, கண்ணாடிக்கு அப்பால் வரிசையில் நின்றவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“இங்கதான் ஒக்காந்துக்கினு இருப்பியா?”

“ஆமாக்கா.” என்ன செய்வதென்று தெரியாமல் நான் எழுந்தேன். “இங்க வந்து ஒக்காரு, வா.”

“வேணாம்டி, நீ ஒக்காரு” என்றாள். “வெளிய ஆளுங்க நிக்கறாங்க பாரு.”