இடப்பக்கத்துப் பாரம்

சாய்ந்தமருதில் ஜுனைட்டுக்கு வைத்த பட்டம் தராசு. அந்த ஊரில் பட்டம் இல்லாத ஆளும் இல்லை, பட்டத்துக்குக் கோபிக்கிற ஆளும் இல்லை. கடலுக்குப் போன காலத்தில் வலை ஒரு பக்கம் கிடந்தால் ஐஸ் பெட்டியை மற்றப் பக்கம் இழுத்து வைப்பார். மீனைக் கொட்டினால் இரண்டு பக்கமும் பிரித்துக் கொட்டச் சொல்லிக் கத்துவார். கூட வந்தவன் ஒன்றுக்கிருக்க ஓரத்துக்குப் போனால் இவர் எதிர் ஓரத்தில் போய் நின்றுகொள்வார். போட் ஒரு விரற்கடை சரிந்தாலும் அவருக்கு வயிறு கலங்கும். பயந்தாங்கொள்ளி என்று சிரித்தவர்கள் நிறைய. ஆனால் அவர் ஓட்டிய போட் ஒருநாளும் கவிழ்ந்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு அல்லாஹ் கொடுத்த புதுத் தொழிலைப் பாருங்கள்: போட்டை வேண்டுமென்றே சரித்து ஓட்டுவது!

வெளிநாட்டில் இருந்து வந்த முதலாளி ஒருவர் பழைய போட் ஒன்றை வாங்கிக் களப்பில், கடலோரத்து உப்பங்கழியில், இறக்கி, ஓட்ட ஜுனைட்டை வைத்திருந்தார். எஞ்சின் உள்ளே, தண்ணீரைத் தள்ளும் விசிறியும் அடியில் உள்ளே தள்ளி இருக்கும், பின்னால் வருகிறவரின் காலை வெட்டாது. போட் ஓடும்போது பின்னால் எழும்புகிற அலையில், பலகையில் நின்றபடி, பிடித்த கயிற்றையும் விட்டுவிட்டுக் கூடவே வருவதுதான் விளையாட்டு. போட் நேராக ஓடினால் அந்த அலை நுரைத்துச் சிதறிப் போகும். பலகைக்காரர் நிற்கிற பக்கத்தில், பின்னால், பாரம் ஏற்றிச் சரித்தால்தான் அலை வழுவழுவென்று திரண்டு எழும்பும். முன்னால் அணியத்திலும் கொஞ்சம் பாரம் வைத்தால் அலை நீளும். பாரம் என்பது வேறொன்றுமில்லை, தண்ணீர். பின்னால் இடமும் வலமுமாக இரண்டு பெரிய பைகள், அணியத்தில் ஒன்று. மோட்டாரைப் போட்டால் களப்புத் தண்ணீர் ஏறும், மாற்றிப் போட்டால் இறங்கும்.

வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை வெளியே இறைத்தவர், முதல் நாள் அதை உள்ளே விட்டபோது பிஸ்மில்லாஹ்வை நிறுத்தவே இல்லை. போகப் போகக் கைக்கு வந்துவிட்டது. எந்தப் பையில் எவ்வளவு என்று, அலையைத் திரும்பிப் பார்த்தே சொல்லிவிடுவார். வயிறு கலங்குவது மட்டும் நிற்கவில்லை. களப்பில் அந்த இடம் மண் தோண்டி எடுத்த பள்ளம், நல்ல ஆழம்.

இதற்குள் வீட்டில் இன்னொரு கலக்கம். மகள் நிஹ்லாவுக்கு மருதமுனையில் ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை சப்ரி, கத்தாரில் நல்ல வேலை. மாப்பிள்ளையின் உம்மா றாஹிலா கைத்தறிச் சாரன் கடை நடத்துகிறவர், அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் முடிவு சொல்கிறோம் என்றிருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் என்ன செய்வது என்று ஜுனைட் தொழுகையிலும் நினைத்தார், சோற்றிலும் நினைத்தார். முன்பு வந்த இரண்டு சம்பந்தம் ஏன் தட்டிப்போனது என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

பெருநாளுக்கு மறுநாள், லீவில் வந்து நின்ற சப்ரியே போன் எடுத்தான். கத்தாரில் இந்த விளையாட்டு அவனுக்குப் பழக்கமாம். வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வருகிறானாம்.

"மாமா, இடப்பக்கம் நல்லாத் தண்ணி போட்டு வைங்க. அல பெருசா வரோணும்."

ஜுனைட்டின் மனைவி றம்லா வாசல்வரை வந்து புத்தி சொல்லி அனுப்பினார். "இஞ்ச பாருங்க, கண்டதக் கதைச்சுக் காரியத்தக் கெடுத்துப் போடாதீங்க. வாயப் பொத்திக்கொண்டு போட்ட மட்டும் ஓட்டுங்க."

இடப்பக்கப் பையைப் புடைக்கப் புடைக்க நிரப்பி வைத்துவிட்டு ஜுனைட் காத்திருந்தார். பெண்களும் பிள்ளைகளுமாக ஒரு பட்டாளம்; ஆண்கள் என்றால் சப்ரி, அவனுடைய வாப்பா, மச்சான் ஒருவர், அவ்வளவுதான். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஏறினார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கலியாண வீட்டில் உட்காருவதுபோலப் பெண்கள் எல்லாரும் ஒரு பக்கம், ஆண்கள் மறுபக்கம். பெண்கள் உட்கார்ந்தது இடப்பக்கம். றாஹிலா பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நிறைந்த பைக்கு நேர் மேலே உட்கார்ந்தார்.

போட் அப்படியே இடப்பக்கம் சாய்ந்தது.

வேறு யாராவது என்றால் ஜுனைட் அப்போதே வாயைத் திறந்திருப்பார். ஆனால் இவரிடம் எப்படிச் சொல்வது? உங்கள் பாரத்தில் போட் சரிகிறது என்று, நாளைக்குச் சம்பந்தியாகப் போகிற பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? அதுவும் ஆண்களுக்கு நடுவில் போய் இருங்கள் என்று! நியாயமாக மோட்டாரை மாற்றிப் போட்டு இடப்பக்கப் பையையாவது இறக்கியிருக்க வேண்டும். கேட்ட அலை வரவில்லை என்று சப்ரியின் முகம் சுருங்குமே என்று அதற்கும் பயம். கடைசியில் அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? மோட்டாரைப் போட்டு வலப்பக்கப் பையையும் நிரப்பினார். ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பை தண்ணீரை ஊற்றினார்!

சரிவு குறைந்தது உண்மைதான். ஆனால் போட் முழுக்கத் தாழ்ந்துபோயிற்று. விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. அதைப் பார்த்த பிறகும் ஜுனைட் எஞ்சினைப் போட்டார்.

சப்ரி கெட்டிக்காரன். கயிற்றைப் பிடித்து ஒரே தடவையில் எழும்பி, இடப்பக்க அலையில் ஏறிவிட்டான். கயிற்றை வீச, அவனுடைய வாப்பா இழுத்துச் சுருட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். சப்ரிக்கு அது போதவில்லை. இடக்கையை நீட்டிக் கீழே அமுக்கிக் காட்டினான்.

"இன்னும் போடட்டாம்!" என்று வாப்பா சிரித்தார். "இடப்பக்கம் இன்னும் சரிக்கட்டாம் தம்பி!"

ஜுனைட் தலையை ஆட்டினார். ஆட்டியதோடு சரி, மோட்டாரைத் தொடவில்லை. யா அல்லாஹ், இந்த ஒரு சுற்று மட்டும், இந்த ஒரு சுற்றை முடித்துத் தந்துவிடு என்று நெஞ்சுக்குள் மன்றாடினார்.

அந்த நேரம் பார்த்துச் சப்ரி பலகையை ஒரு சுழற்றுச் சுழற்றினான். பெண்கள் "ஓ!" என்று எழும்பினார்கள். எழும்பி, போனை நீட்டிக்கொண்டு, படம் எடுக்க இடப்பக்க விளிம்பில் போய்க் குனிந்தார்கள்.

தண்ணீர் உள்ளே வந்தது. துளியாக அல்ல, ஒரு பாய் அகலத்துக்கு. செருப்புகள் மிதந்தன, சாப்பாட்டுக் கூடை நகர்ந்தது, ஒரு பிள்ளை வீரிட்டது. ஜுனைட்டின் கை தானாக வேகத்தைக் குறைக்கப் போய்ச் சட்டென்று நின்றது. இவ்வளவு தாழ்ந்த போட் சடாரென்று நின்றால், பின்னால் துரத்தி வருகிற அலை முழுவதும் உள்ளே ஏறிவிடும். முதலில் பாரம் இடம் மாற வேண்டும். அதற்கு வாயைத் திறப்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

"இருங்க! எல்லாரும் குந்துங்க!" கடலில் கத்திய குரல் எங்கிருந்தோ வந்தது. "ராத்தா! புள்ளயோட நீங்க முதல்ல இஞ்சால வாங்க! வலப்பக்கம், ஆம்புளயளுக்குப் பக்கத்தில! வெக்கம் பாக்க நேரமில்ல, வாங்க!"

றாஹிலா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளையை இறுக்கிக்கொண்டு, ஒரு கையை ஊன்றி, குனிந்தபடியே நகர்ந்து வந்து கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வந்ததும் மற்றப் பெண்களில் பாதிப்பேர் ஒவ்வொருவராக வந்தார்கள். விளிம்பு மெல்ல மெல்லத் தண்ணீரை விட்டு மேலே வந்தது. ஜுனைட் மோட்டாரை மாற்றிப் போட்டு இரண்டு பைகளையும் இறக்கிவிட்டு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வட்டமடித்துப் போய், தண்ணீரில் விழுந்து கிடந்த சப்ரியை ஏற்றினார். நேரே கரைக்கு விட்டார்.

எல்லாரும் இறங்கிய பிறகு றாஹிலா மட்டும் நின்றார். அபாயாவின் ஓரத்தில் இருந்து தண்ணீர் சொட்டியது.

"தம்பி, நாங்க ஏறக்குள்ளயே ஒங்களுக்கு விளங்கிச்சா?"

இல்லை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பொய்யும் வாயில் வரவில்லை. "ஓம் ராத்தா."

"பொறவு ஏன் வாயத் தொறந்து செல்லல்ல?"

"சம்பந்தம் கெட்டுப்போயிருமெண்டு பயந்துட்டன்."

"சம்பந்தம் கதைக்க நாங்க ஹயாத்தோட, உசிரோட இருக்கோணுமே தம்பி!" றாஹிலா நனைந்த மடியைத் தொட்டுக் காட்டினார். "என்ட பேரப்புள்ள மடியில இருந்திச்சு."

றாஹிலாவின் கோபத்தில் ஒரு மயிரிழைகூடப் பிழை இல்லை. றாஹிலா போய் முச்சக்கரவண்டியில் ஏறிச் சாரதியிடம் ஏதோ சொன்னார். வண்டி மருதமுனைப் பக்கம் போகாமல் சாய்ந்தமருதுப் பக்கம் திரும்பியது.

கூடையில் இருந்து சிந்திய சோற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது றம்லாவின் போன் வந்தது.

"றாஹிலா ராத்தா வந்திட்டுப் போறாங்க." றம்லாவுக்கு மூச்சு வாங்கியது. "இருக்கவுமில்ல, குடிக்கவுமில்ல. நேர அறைக்குள்ள போய் நிஹ்லாட்டக் கேட்டாங்க. ஒங்கட வாப்பா வாயத் தொறக்காம இண்டைக்கு எங்கள எல்லாம் மௌத்தாக்கப் பாத்தாரு புள்ள, நீயாச்சும் வாயத் தொறந்து செல்லு, இந்தக் கலியாணம் ஒனக்கு விருப்பமா எண்டு."

"என்ன சென்னாள்?"

"இல்லையெண்டு சென்னாள்."

ஜுனைட் நனைந்த பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நம்மளுட்ட ஒருநாளும் செல்லல்லியே!"

"செல்லத்தான் இல்ல," என்றார் றம்லா. அழுகை வந்துவிட்டது. "நீங்க கேட்டீங்களா? நான்தான் கேட்டனா?"

களப்புக் கரையில் இன்னொரு கூட்டம் போட்டுக்காகக் காத்து நின்று அவரைக் கூப்பிட்டது. ஜுனைட் திரும்பவில்லை.

"போன அவளுட்டக் குடு," என்றார்.

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சு மட்டும். பயப்படுகிறவளின் மூச்சு அவருக்குத் தெரியாததா?

"செல்லு மகள்," என்றார். "வாப்பா கேட்டுக்கொண்டிருக்கன்."