சுயம்பு அண்ணாச்சியின் கிளட்ச் கேபிள்

காரில் உள்ள சாமான்களிலேயே மெலிந்தது கிளட்ச் கேபிள். ஒரு மெக்கானிக்கை அதிக நேரம் மண்ணில் மல்லாக்கப் படுக்க வைப்பதும் அதுதான். கண்ணில் கிரீஸும் வாயில் புழுதியும் விழுந்து, கழுத்துப் பிடித்துக்கொண்டு எழுந்த சகோதரர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வது பொய்யில்லை என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மார்த்தாண்டத்தை எல்லோரும் தொடுவட்டி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். மகாராஜா ஆட்சி முடிந்து, திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒன்றாக்கியிருந்தார்கள். நான் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ஓலைக் கொட்டகை போட்டு, ஒர்க்‌ஷாப் என்று பலகை மாட்டினேன். லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். நம்பி உள்ளே வந்த முதல் ஆள், புதுக்கடையில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்த சுயம்பு அண்ணாச்சி. நெற்றியில் வெள்ளை நாமம், தோளில் தோர்த்துத் துண்டு, வாயைத் திறந்தால் அய்யாவழிக்காரர்களின் வணக்கமான "அய்யா உண்டு". சீமைக்குக் கப்பலேறிய ஒரு தோட்டத் துரையிடமிருந்து சின்ன வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கியிருந்தார்.

ஆடம்பரத்துக்காக அல்ல. அவருடைய ஒரே மகள் தங்கத்தைப் பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். முதல் பிரசவத்துக்கு அவளை எஸ்டேட் லாரியில் ஏற்றி அழைத்து வந்தார்கள். வழியிலேயே வலி கண்டு, குழந்தை தங்காமல் போய்விட்டது. லாரி குலுங்கியதுதான் காரணமா, யார் கண்டது? தங்கம் அப்படித்தான் நம்பினாள். இப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள். குலுங்குகிற வண்டியில் இனி ஏறவே மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த மலையில் ஆஸ்பத்திரியும் இல்லை, மருத்துவச்சியும் இல்லை. அதனால்தான் தலை நரைத்த வயதில் அண்ணாச்சி கார் வாங்கி, ஓட்டவும் படித்தார். நான் ஓட்டி வருகிறேனே என்று கேட்டுப் பார்த்தேன். "அன்னைக்கு லாரியில ஏத்தினவன் நானாக்கும். நானே கொண்டு வரணும்" என்றார்.

அடிபிடித்த வாடை

கிளட்ச் சமாச்சாரம் ரொம்ப எளிது. பெடலை மிதித்தால் கேபிள் இழுபட்டு, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள பிடி விடும். காலை எடுத்தால் மறுபடி பிடிக்கும். பைய எடுத்தால் கார் நழுவிப் புறப்படும். வெடுக்கென்று எடுத்தால் குதிக்கும். ஆனால் மிதிக்கத் தொடங்கும்போது பெடல் ஒரு விரல்கடை சும்மா ஆட வேண்டும். அந்தத் தளர்ச்சி இல்லாவிட்டால் உள்ளே பிடி நழுவி நழுவி, பிளேட் தேய்ந்து கருகிவிடும்.

அண்ணாச்சிக்கு அந்த ஆட்டம் பொறுக்கவில்லை. காலமெல்லாம் கருப்பட்டிச் சிப்பம் கட்டிய கை. தளர்ந்த கயிற்றைக் கண்டாலே அவருக்கு ஆகாது. நான் தளர்த்திக் கொடுப்பேன், வீட்டுக்குப் போனதும் அவரே ஸ்பானரை எடுத்து முறுக்கிவிடுவார். ஒருநாள் கார் ஏற்றம் ஏறாமல் உறுமிக்கொண்டு, கருகல் நாற்றத்தோடு கொட்டகைக்கு வந்து நின்றது. "இந்த வாடை உங்களுக்கு அடிக்கலியா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் சாவகாசமாக இறங்கி வந்து சொன்னார்:

"அடிக்காம என்ன மக்கா? கருப்பட்டிப் பாகு அடிபிடிச்ச வாடையாக்கும்னு நெனச்சு, ரெண்டு நாளா வீட்டுல பொஞ்சாதியையில்லா ஏசிட்டு இருக்கேன்!"

சந்தையில் ஒரு ஊர்வலம்

பிளேட்டை மாற்றிய பிறகு, ஓட்டிப் பார்க்க என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போனார். புதுக்கடை முக்கில் சந்தை கூடியிருந்தது. அண்ணாச்சி கிளட்சை மிதித்தார். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. அவர் முறுக்கின முறுக்கில் கேபிள் அறுந்துவிட்டது. கிளட்ச் விடாததால் கார் பாட்டுக்கு ஊர்ந்து சந்தைக்குள் போனது. அண்ணாச்சி பிரேக் என்று ஒன்று இருப்பதையே மறந்து, ஸ்டியரிங் வளையத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு "அய்யா உண்டு, அய்யா உண்டு" என்றார். ஜனங்கள் கடவப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். நான் எட்டி சுவிட்சை அணைத்தேன். கார் ஒரு மரச்சீனிக் கிழங்குக் குவியலில் போய் மெதுவாக முட்டி நின்றது. நல்ல வேளை, ஆள் மேல் படவில்லை. மரச்சீனி விற்றுக்கொண்டிருந்த அம்மை எழுந்திருக்கக்கூட இல்லை. காரின் மூஞ்சியை ஒருமுறை பார்த்தாள், அண்ணாச்சியை ஒருமுறை பார்த்தாள்:

"காளைய அவுத்து விட்டுட்டு வெறும் வண்டிய மட்டும் கொண்டு வந்தா இப்பிடித்தான் வரும், ஓய்."

தட்டான் செய்த நகை

புதுக் கேபிளுக்கு மதராசுக்குச் சொல்லி அனுப்பினோம். கப்பலில் வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். தங்கத்துக்கோ மாதம் ஏறிக்கொண்டிருந்தது. குளச்சலில் கப்பல் சாமான் விற்கிற கடையில் நல்ல எஃகு வயர் கிடைத்தது. ஆனால் வயரின் நுனியில், பெடலில் மாட்டுவதற்கு ஒரு பித்தளைக் குமிழ் வேண்டும். நான் எத்தனை முறை ஈயம் பற்றவைத்தாலும், பெடலை மிதித்ததும் குமிழ் தனியாக, வயர் தனியாக வந்தது.

அண்ணாச்சிதான் வழி கண்டுபிடித்தார். வீட்டுக்கு நகை செய்யும் தட்டானிடம் என்னைக் கூட்டிப் போனார். அவர் வயரை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, வெண்காரத்தைத் தொட்டு வைத்து, குழலை ஊத ஆரம்பித்தார். குமிழ் வயரோடு ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. அரத்தால் ராவி, புளி போட்டுத் துலக்கி, மூக்குத்தியைத் தருகிற மாதிரி இளஞ்சிவப்புக் காகிதத்தில் மடித்து என் கையில் தந்தார். அந்த மனுஷருக்கு நான் கும்பிடு போட்டதற்கு அவர் சொன்ன பதில்:

"காலுல போடுற தண்டை எவ்வளவோ செய்திருக்கேன் வே. காலால சவிட்டி மிதிக்குற நகை இதாக்கும் மொதலு."

செம்புத் தண்ணீர்

அண்ணாச்சி வீட்டு முற்றத்திலேயே கேபிளை மாட்டி, ஒரு விரல்கடை ஆட்டமும் வைத்துவிட்டேன். இந்த முறை ஸ்பானரைத் தொடமாட்டேன் என்று அண்ணாச்சி நாமத்தின் மேல் சத்தியம் செய்தார். அப்போதுதான் அவர் மனைவி பொன்னம்மை மைனி வெளியே வந்தாள். அண்ணியை எங்கள் பக்கம் மைனி என்போம். கையில் கழுத்து வரைக்கும் தண்ணீர் நிரப்பிய செம்பு. பின் சீட்டில் ஏறி, செம்பை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு சொட்டு கீழ விழுந்தாலும் எம்புள்ளைய இதுல ஏத்த விடமாட்டேன், கேட்டீரா?" என்றாள்.

அண்ணாச்சி வண்டியை எடுத்தார். பாதிச் செம்பு மைனி மேல். நான் காருக்கு அடியில் படுத்து நட்டைக் கொஞ்சம் திருப்பினேன். மறுபடி எடுத்தார், மீதிச் செம்பும் மைனி மேல். கேபிளில்தான் கோளாறோ என்று எனக்கே சந்தேகம் வந்து, செம்பை மறுபடி நிரப்பச் சொன்னேன். நான் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. திரும்ப அண்ணாச்சி உட்கார்ந்தார். கார் தவளை மாதிரி ஒரு தாவு தாவியது. மைனி முந்தானையைப் பிழிந்துகொண்டே இறங்கி, புருஷனை விட்டுவிட்டு என்னிடம் கேட்டாள்:

"வண்டியிலே ஒரு குத்தமும் இல்ல தம்பி. ஓட்டுறவருக்க காலுக்கு ஒரு நட்டு உண்டுமா? அதையும் கொஞ்சம் திருப்பி விடும்."

உறைந்துபோன எண்ணெய்

அந்தப் பேச்சு சுட்டிருக்க வேண்டும். அண்ணாச்சி குனிந்து தன் காலைப் பார்த்தார். காரில் போகிறவன் செருப்பில்லாமல் போகலாமா என்று, கனத்த மாட்டுத்தோல் செருப்பு ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலைப் பெடலில் வைத்தார். பிடி எந்த இடத்தில் கவ்வுகிறது என்று அன்றைக்குத்தான் அவருடைய காலுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு காலையும் மாலையும் மைனி செம்போடு ஏறுவாள். சேலை நனைவது நாளுக்கு நாள் குறைந்து, ஒருநாள் நனையாமலே இறங்கினாள்.

தை மாதம் நல்ல நாள் பார்த்து, முந்திரிக்கொத்துப் பலகாரச் சட்டியோடு மூன்று பேரும் புறப்பட்டோம். சாயங்காலம் எஸ்டேட் போய்ச் சேர்ந்தோம். காலையில் தங்கம் பையை எடுத்துக்கொண்டு படியில் வந்து நின்றாள். அண்ணாச்சி கிளட்சை மிதித்தார். போன பெடல் திரும்பி வரவில்லை.

எனக்கு உயிரே இல்லை. குமிழ் பிய்ந்துவிட்டதோ என்று அடியில் புகுந்து பார்த்தேன். குமிழ் அப்படியே இருந்தது. கேபிள் உறையின் வாயில் மட்டும் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ கட்டியிருந்தது. தொட்டு மோந்து பார்த்தேன். சுத்தமான தேங்காய் எண்ணெய்! முந்தின நாள் புறப்படும்போது, மகளுக்கு வழுவழுவென்று ஓட வேண்டும் என்று, எனக்குத் தெரியாமல் அண்ணாச்சி கேபிளுக்குள் ஒரு கரண்டி ஊற்றியிருக்கிறார். தலைக்கும் அது, தாளிக்கவும் அது. காருக்கு மட்டும் ஆகாதா? தை மாதக் குளிரில், மலைமேல், எண்ணெய் உறைந்து கேபிளைக் கவ்விக்கொண்டது.

தங்கம் பையைக் கீழே வைத்துவிட்டாள். "நான் இங்கயே பெத்துக்கிடுதேன்" என்றாள். அண்ணாச்சி முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. மைனிதான் ஓடிப்போய், கட்டன் சாயாவுக்குக் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரைக் கொண்டு வந்தாள். உறை நெடுக ஊற்றினோம். எண்ணெய் உருகிச் சொட்டியது, பெடல் டக்கென்று எழும்பியது. உள்ளே இருந்ததை எல்லாம் வெளியேற்றி, மிஷின் எண்ணெய் விட்டு, பலமுறை மிதித்துக் காட்டினேன். கடைசியில் தங்கம், அப்பாவின் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, ஏறி அம்மையின் தோளில் சாய்ந்தாள்.

பேச்சிப்பாறை, குலசேகரம், தொடுவட்டி. ஒவ்வொரு வளைவிலும் அண்ணாச்சியின் கால் ஏறி இறங்குவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுக்கடையில் வீட்டு வாசலில் கொண்டு நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். மைனி மகளின் கன்னத்தைத் தட்டினாள். தங்கம் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"ஏன்ப்பா, இன்னும் வண்டிய எடுக்கலியா?"

கடைசியாக

அண்ணாச்சி வளையத்தில் தலையை வைத்து அழுதார். நானும் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. தங்கத்துக்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம். அண்ணாச்சி சந்தை சந்தையாகப் போய் என் பெயரைச் சொன்னார். சிரித்துவிட்டுப் போன லாரிக்காரர்களே பிறகு வரிசையில் வந்து நின்றார்கள். ஓலைக் கொட்டகைக்கு ஓடு வந்தது. வெறும் பலகையை நம்பி வந்த அந்த மனுஷரையும், கொதிக்கிற தண்ணீரோடு ஓடி வந்த மைனியையும், குழல் ஊதிய தட்டானையும் நினைக்காமல் நான் இன்றைக்கும் ஸ்பானரைத் தொடுவதில்லை.

அன்று அவ்வளவு பாடுபட்டு வயிற்றோடு இறக்கிக்கொண்டு வந்த அந்தக் குழந்தை இப்போது வளர்ந்து தானே கார் ஓட்டுகிறாள், எவ்வளவு சொன்னாலும் கிளட்ச் மேலிருந்து காலை எடுக்காமல் பிளேட்டைக் கருக்கிக் கருக்கி என்னிடம் கொண்டு வருகிறாள், அந்தப் புண்ணியத்தில்தான் என் வீட்டில் இன்னும் உலை கொதிக்கிறது.