வளைஞ்ச வண்டி வாங்கின தாஸ் அண்ணன்

ட்ரெய்லர் லாரியில முன்னாடி இழுக்குற வண்டிக்கு விளம்பரம் உண்டு, மேல ஏத்துற சரக்குக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. ரெண்டுக்கும் நடுவுல கிடக்குற இரும்புச் சட்டத்தை வரையுற எனக்கு, திட்டு மட்டும் தவறாம வந்து சேரும்.

செங்கல்பட்டு தாண்டி கருங்குழி போற வழியில, ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி எங்க பட்டறை. நான் அங்க டிசைனர். உங்க தொழில் என்னன்னு எனக்குத் தெரியாது. தையல்காரரோ, சமையல்காரரோ, சாஃப்ட்வேரோ, எதுவா வேணா இருக்கட்டும். முடிச்சுக் கொடுத்த வேலையை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "இது ஏன் இப்படி இருக்கு?"ன்னு கேட்ட ஒரு ஆள் உங்க வாழ்க்கையிலயும் வந்திருப்பார். அப்போ நீங்களும் நம்ம கட்சிதான். வாங்க, உக்காருங்க.

எஞ்சின் எங்கம்மா?

கல்பாக்கத்துல நாத்தனார் குழந்தைக்குக் காதுகுத்து. என் வீட்டுக்காரரோட பெரியப்பா பக்கத்துல உக்காந்தார். ஆராய்ச்சி மையத்துல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், எதையும் முழுசாத் தெரிஞ்சுக்காம விடமாட்டார். "ட்ரெய்லர் டிசைன் பண்றியாமே! எஞ்சின் எவ்வளவு பவர்?" "அதுல எஞ்சின் இல்ல மாமா, அது முன்வண்டியில இருக்கும்." "ஸ்டியரிங்?" "அதுவும் முன்வண்டிலதான்." "சரி, டிரைவராவது இதுல உக்காருவாரா?" "அவரும் முன்னாடிதான் மாமா."

மனுஷனுக்கு ரொம்பப் பாவமாப் போச்சு. எனக்கோ ரோஷம். வடைத் தட்டை நகர்த்தி வச்சுட்டு விளக்க ஆரம்பிச்சேன். ரெண்டு நீள உத்தரம், குறுக்கே வரிசையா சட்டம். முன்பக்கம் இழுக்குற வண்டி மேல உக்காரும், பின்பக்கம் சக்கரத்து மேல உக்காரும். நடுவுல தாங்குறதுக்கு ஒண்ணுமே கிடையாது, அந்தரம். அந்த அந்தரத்துல பாரத்தை ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போகணும், தொங்கக் கூடாது, முறுக்கக் கூடாது. பெரியப்பா கண் இமைக்காமக் கேட்டார். அப்பாடா, புரிஞ்சிடுச்சுன்னு நான் தண்ணி குடிச்சேன். அவர் திரும்பி பெரியம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வந்து பாரு, நம்ம பிரமிளா பலகைக்கு இன்ஜினியராம்!"

லாரிக்குக் காவல்

எங்க வீடு கூடுவாஞ்சேரி. சனிக்கிழமை ஆனா வீட்டுக்காரர் பைக்ல என்னைப் பட்டறையில விட்டுட்டு வருவார். ரோட்டுல ஒரு ட்ரெய்லர் போனா என்னால சும்மா இருக்க முடியாது. அடியில எப்படி வெல்டு வச்சிருக்கான், குறுக்குச் சட்டம் எங்க விட்டிருக்கான்னு தலையைச் சாய்ச்சுப் பார்ப்பேன். "முந்தாதீங்க, கொஞ்ச நேரம் பின்னாடியே போங்க"ன்னு அவர் தோளைத் தட்டுவேன். புகை மொத்தமும் அவர் மூஞ்சிக்குத்தான். கல்யாணம் ஆன புதுசுல எதிர்த்துப் பேசினார், இப்பல்லாம் கைக்குட்டையை மூக்குல கட்டிக்கிட்டுத்தான் வண்டியவே எடுக்குறார்.

ஒரு நாள் பரனூர் டோல்கேட் பக்கத்துல இப்படித்தான் ஒரு ட்ரெய்லர் பின்னாடியே ஊர்ந்துக்கிட்டிருந்தோம். அவர் ஆபீஸ் நண்பர் கார்ல எங்களைத் தாண்டும்போது கண்ணாடியை இறக்கி, என்னாச்சு, பைக் மக்கர் பண்ணுதான்னு கேட்டார். இவர் கைக்குட்டையை இறக்கிட்டுச் சொன்னார்:

"ஊரே லாரியை முந்தப் பாக்குது, நான் ஒருத்தன்தான்டா லாரிக்குக் காவல் போறேன்."

இன்னும் நாலு இரும்பு

இப்ப தாஸ் அண்ணன் கதைக்கு வர்றேன். கருங்குழிக்காரர். அவர் அப்பா அம்மா மத்தவங்க நிலத்துல கூலிக்கு நட்டவங்க. இவர் மத்தவங்க ட்ரெய்லரை ஓட்டியே தலை நரைச்சவர். ஒருவழியா பழைய முன்வண்டி ஒண்ணு வாங்கிட்டார், பின்னாடி மாட்டப் புது ட்ரெய்லர் செய்யச் சொல்லி எங்ககிட்ட வந்தார். மாமல்லபுரத்துல ஒரு சிற்பப் பட்டறைக்குச் சிலை செய்யப் பெரிய கல் ஒண்ணு வரணும். அதை இவர் சேதமில்லாமக் கொண்டுவந்து இறக்கிட்டா, இனி பட்டறைக்கு வர்ற கல் எல்லாம் இவர் வண்டியிலதான்னு அந்தப் பட்டறை முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி இருந்த டிரைவர் வேலையையும் விட்டுட்டு வந்து நிக்கிறார்.

படத்தைக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்தார். "மேடம், கல்லு ஏத்துற வண்டி. இன்னும் நாலு இரும்பு சேத்துப் போடுங்க." போட வேணாம்ணா, கணக்குப்படி இதுவே தாங்கும்னேன். "கணக்கு கெடக்குது, நீங்க போடுங்க." நான் பொறுமையா, சட்டத்துல ஒரு கிலோ கூடினா கல்லுல ஒரு கிலோ குறைச்சு ஏத்தணும், மொத்த எடைக்கு அரசாங்கம் ஒரு வரம்பு வச்சிருக்குன்னு சொன்னேன். அவர் காதுல ஏறல. கூட அவர் மனைவி அமலா வந்திருந்தாங்க. மறைமலை நகர்ல ஒரு கம்பெனி கேன்டீனையே கட்டி மேய்க்கிறவங்க. அவங்க புருஷன் பக்கம் திரும்பினாங்க.

"யோவ், வெறும் வண்டியை இழுத்துகினு திரியவா நீ லைசன்ஸ் வாங்குன?"

ஒரு கண்ணை மூடினார்

வண்டி தயாரான அன்னைக்கு தாஸ் அண்ணன் குடும்பத்தோட வந்தார். சிவப்புப் பெயிண்ட், புது டயர், முன்னாடி மாலை, கையில பைபிளோட பாஸ்டர். எங்க ஃபோர்மேன் சேகர் அண்ணன் எல்லாருக்கும் கேசரி வாங்கி வச்சிருந்தார். தாஸ் அண்ணன் வண்டிக்குப் பின்னாடி போய்க் குந்தினார். ஒரு கண்ணை மூடினார். அப்படியே எழுந்தார். முகம் செத்துப் போச்சு. "மேடம், வண்டி வளைஞ்சி கீது. நடுவுல தூக்கிகினு நிக்குது."

தூக்கித்தான் நிக்கும். நாங்க வேணும்னே அப்படித்தான் செய்வோம். நடுவுல ரெண்டு விரற்கடை மேல தூக்கி வச்சுச் செஞ்சா, பாரம் ஏறினதும் அமுங்கி நேராகும். முதல்லயே நேராச் செஞ்சா, பாரம் ஏறினதும் தொட்டில் மாதிரித் தொங்கும். இரும்பு ஸ்கேலை வளைச்சுக் காட்டினேன், படம் போட்டுக் காட்டினேன், தொண்டை வத்த விளக்கினேன். "அதெல்லாம் உங்க பட்டறையில தப்பு பண்ணிட்டு சொல்ற சாக்கு"ன்னுட்டார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. இத்தனை வருஷம் நீங்க ஓட்டினது எல்லாமே வளைஞ்ச வண்டிதானேன்னு கேட்டேன். அதெல்லாம் அடுத்தவன் வண்டி, அதை யார் குந்திப் பாத்தான்னார். இதுக்கு நான் என்னத்தைச் சொல்ல! பாஸ்டர் சமாதானம் பண்ணுவார்னு பார்த்தேன். அவரும் பைபிளை இடுக்கிக்கிட்டு, குந்தி, ஒரு கண்ணை மூடினார்.

"ஜெபம் பண்ணிரலாம் தாஸு, ஆனா நிமிர்த்துறதுக்கு முன்னயா, பின்னயா?"

ஹாலோ பிளாக் வைத்தியம்

ஜெபம் தள்ளிப்போச்சு. கல் ஏத்தவேண்டிய நாள் நெருங்கிட்டதால வண்டியை மட்டும் முறைச்சுக்கிட்டே எடுத்துக்கிட்டுப் போனார். ரெண்டு நாள் சத்தமே இல்ல. மூணாம் நாள் என் போனுக்கு ஒரு போட்டோ வந்துச்சு. தாஸ் அண்ணன் மச்சானுக்கு ஹாலோ பிளாக் தயாரிக்கிற களம் இருக்கு. அங்க வண்டியை நிறுத்தி, பிளாக்கா அடுக்கி, துணி இஸ்திரி போடுற மாதிரி அமுக்கியிருக்கார்! சட்டம் நூல் பிடிச்ச மாதிரி நேரா நிக்குது. கீழ, 'உங்க மிஸ்டேக்கை நானே சரி பண்ணிட்டேன் மேடம், கவலைப்படாதீங்க'ன்னு ஒரு செய்தி, பக்கத்துல கும்பிடு.

நான் சேகர் அண்ணன்கிட்ட காட்டினேன். அவர் டீயைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சார். நானும் சிரிச்சேன். பாவம், பிளாக்கை இறக்குறப்ப என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியுமே. சாயங்காலம் குரல் செய்தி வந்துச்சு. பின்னாடி மச்சான் யாரையோ திட்டிக்கிட்டிருந்தார். தாஸ் அண்ணன் குரல் கம்மிப்போயிருந்தது.

"மேடம், எறக்குனதும் மறுபடி எழுந்துகினு நிக்குது, இதுல காத்து கருப்பு ஏதாவது கீதா?"

நடுவுல ஒரு அமலா

அன்னைக்குச் சிரிச்சதுக்கு மறுநாளே அனுபவிச்சேன். டீக்கடையில இருந்து சேகர் அண்ணன் ஓடி வந்தார். தாஸ் அண்ணன் வண்டியை கேஸ் வெல்டிங் கடையில நிறுத்தி, சூடு வச்சு அடிச்சு நிமிர்த்தச் சொல்லிக்கிட்டிருக்காராம். படத்தை அப்படியே போட்டுட்டு எழுந்தேன். அந்த இரும்பைச் சிவக்கச் சுட்டா, சுட்ட இடத்துல அதோட பலம் போயிடும். அதுக்கு மேல கல்லை ஏத்திக்கிட்டு ரோட்டுல போனா, வண்டி நடுவுல மடங்கும். தொழில் போறது இருக்கட்டும், மனுஷன் உசிரு என்னாகுறது? சேகர் அண்ணன் பைக்ல ஏறி, "சீக்கிரம், சீக்கிரம்"னு அவர் காதுல கத்திக்கிட்டே போனேன்.

போய்ப் பார்த்தா, வெல்டர் அணைஞ்ச குழாயைக் கையில வச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு நிக்கிறார். சட்டத்து நடுவுல, சரியா அந்த வளைவு மேல, அமலா உக்காந்திருக்காங்க. மடியில டிபன் டப்பா. நாஸ்தா சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. தாஸ் அண்ணன் கீழ நின்னு, "எறங்குடி, பேஜாரு பண்ணாத"ன்னு கெஞ்சுறார். எனக்கு அப்படியே ஓடிப்போய் அந்தம்மாவைக் கட்டிக்கலாம் போல இருந்துச்சு. நான் வாயைத் திறக்கவே வேணாம்னு கையைக் காட்டிட்டு, அவங்க இட்லியைப் பிட்டுக்கிட்டே கேட்டாங்க.

"பிளாக்கு ஏத்துனப்ப நேரா நின்னுச்சா இல்லியா? நீ கல்லு ஏத்தப் போறியா, காத்து ஏத்தப் போறியா?"

கல் ஏறிய நாள்

சொல்லிடுறேன், கல் ஏத்துற அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. கணக்கு சரிதான், திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன். ஆனா காகிதத்துல கல் கனக்காது. மதுராந்தகம் பக்கத்து குவாரியில அந்தக் கருங்கல்லைக் கிரேன் தூக்கினப்பதான், அது எவ்வளவு பெருசுன்னு தெரிஞ்சுது. எந்த இடத்துல வைக்கணும்னு சாக்பீஸ்ல நான் குறிச்சிருந்தேன். அமலா பூ கட்டுற நூலை எடுத்து, சட்டத்தோட ஒரு முனையில இருந்து மறுமுனைக்கு இழுத்துக் கட்டினாங்க. நடுவுல மட்டும் அது இரும்பு மேல ஏறிக்கிட்டு நின்னுச்சு.

கல் இறங்குச்சு. சட்டம் 'கிர்ர்'னு முனகுச்சு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கிரேன் கயிறு தளர்ந்துச்சு, முழுப் பாரமும் வண்டிக்கு வந்துடுச்சு. தாஸ் அண்ணன் பின்னாடி போய்க் குந்தினார். ஒரு கண்ணை மூடினார். அந்த நேரத்துல அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல, நூலைத்தான் பார்த்தேன். முனைக்கு முனை, எங்கயும் ஏறாம இறங்காம இரும்போட ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, வெக்கமென்ன. அவர் எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டினார்.

"அமலா, பாஸ்டருக்கு போனைப் போடு, இப்ப வந்து ஜெபம் பண்ணச் சொல்லு."

யார் கேட்டு வாங்கினது?

மாமல்லபுரம் வரைக்கும் நானும் வீட்டுக்காரரும் பைக்ல பின்னாடியே போனோம். அன்னைக்கு அவர் புகையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. பட்டறையில உளிச் சத்தம் காதைத் துளைக்குது, கடல் காத்து அடிக்குது. கல்லை இறக்கி, சுத்திச் சுத்திப் பார்த்தார் முதலாளி. ஒரு கீறல் இல்ல. அடுத்த கல் எப்பன்னு அங்கயே பேச ஆரம்பிச்சுட்டார். அமலா முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க, வேர்வையா அழுகையான்னு நான் கேக்கல.

பாரம் இறங்கினதும் சட்டம் பழையபடி நடுவுல எழுந்து நின்னுச்சு. பக்கத்துல நின்ன வேற ஒரு லாரி டிரைவர் அதைப் பார்த்துட்டு, "இன்னா அண்ணாத்த, புது வண்டி ஒட்டகம் மாரி கீது? ஏமாத்திட்டாங்களா?"ன்னார். நான் விளக்கலாம்னு ஒரு அடி முன்னாடி வச்சேன். தாஸ் அண்ணன் கையை நீட்டி என்னைத் தடுத்தார். அந்த டிரைவரை மேலயும் கீழயும் பார்த்தார்.

"தெரியாதவன்தான் மச்சான் இத்த வளைவும்பான், மேடம் நேராப் போட்டுத் தர்றேன்னுதான் சொன்னாங்க, நான்தான் சண்டை போட்டு இப்படிக் கேட்டு வாங்குனேன்."

ஒரு சட்டம் தேறிடுச்சான்னு பார்க்க எங்க தொழில்ல எத்தனையோ சோதனை இருக்கு, ஆனா வேணாம்னு மல்லுக்கு நின்ன மனுஷனே அது தன் யோசனைன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறதை விடப் பெரிய சர்டிஃபிகேட் எனக்கு இன்னும் கிடைக்கல.