அரை சைஸ் அக்காவும் லேசான பூட்ஸும்

கட்டைவிரல் பூட்டு விசையை அழுத்திக்கொள்ள, மறு கை சட்டத்தை ஒரு துளை குறைத்துப் பூட்டியது. பூட்ஸை அதில் பொருத்தி, வாரைக் கட்டாமலேயே தலைகீழாகத் தூக்கி உலுக்கினாள் அக்கா. கிராம்பான் கழன்று மேசையில் விழுந்தது. இது மூன்றாவது முறை.

உறைபனியில் வழுக்காமலிருக்கப் பூட்ஸின் அடியில் மாட்டும் முள்சட்டம் அது. கடையில் எல்லாருக்கும் வெறும் ‘முள்ளு’. வாரில்லாமல் உலுக்கினாலும் அது பூட்ஸை விட்டுப் பிரியக் கூடாது. வார் என்பது கூடுதல் காவல்தான். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பதினோரு வருடம் ஷூ தொழிற்சாலையில் அடிப்பாகம் ஒட்டியவள், மலையேறும் சாமான் கடைக்கு வந்தபின், மலையிலிருந்து திரும்பும் பூட்ஸ்களின் தேய்மானத்தைப் பார்த்துப் பார்த்துத் தானே தெரிந்துகொண்டது. யார் வந்தாலும் அரை சைஸ் கூட்டி, அரை சைஸ் குறைத்துப் பத்து தரம் எழுந்து நிற்க வைப்பதால் ஊருக்கே அவள் ‘அரை சைஸ் அக்கா’.

எதிரே காலுறையோடு உட்கார்ந்திருந்தவனுக்கு அவள் நிஜமாகவே அக்கா. கூடப் பிறந்த தம்பி. பள்ளியில் கணக்கு வாத்தியார். நாலு மணி பஸ்ஸில் மலைக்குக் கிளம்புகிறான். கூடப் போவது அவளுடைய மகள். மலையில் இருவரையும் இடுப்போடு பிணைப்பது ஒரே கயிறு.

“நானூத்தி இருபது கிராம்க்கா ஒரு பூட்ஸ். முள்ளு அலுமினியம். இங்க ஒருத்தன்கிட்டயும் கிடையாது.”

“ஏன் கிடையாதுன்னு யோசிச்சியாடா?”

“கால்ல ஒரு கிலோ குறைஞ்சா முதுகுல அஞ்சு கிலோ குறைஞ்ச மாதிரின்னு நீதான சொன்ன?”

“சொன்னேன். கூடவே நாலு விஷயம் சொன்னேன். அதெல்லாம் எந்தக் காது வழியா வெளிய போச்சு?”

முள்ளைத் திருப்பிப் பார்த்தாள். “இதுல இருந்த பிளாஸ்டிக் தகடு எங்க?”

“கழட்டிட்டேன். எண்பது கிராம்.”

அவள் முள்ளைக் கீழே வைத்தாள்.

“மத்தியானம் பனி இளகும். தகடு இல்லன்னா காலுக்கடியில உருண்டை உருண்டையா ஒட்டிக்கும், முள்ளு தரையையே தொடாது. உருண்டை மேல நின்னு சர்க்கஸ் காட்டப் போறியா?”

“அப்பப்போ தட்டிவிட்டுக்கறேன்.”

“எழுந்திரு. மாட்டிக்கிட்டு இந்தப் படி மேல நுனிக்கால்ல நில்லு.”

நின்றான். பூட்ஸின் அடிப்பாகம் ஈரப் பாய் போல் மடங்கியது. குதிகால் சட்டத்தை விட்டு ஒரு விரல் அகலம் மேலே வந்தது. அவள் அந்த இடைவெளியில் தன் சுண்டுவிரலை நுழைத்துக் காட்டினாள்.

“என் கால்தானக்கா? நான் பாத்துக்கறேன்.”

“உன் காலா? கயித்துல அந்தப் பக்கம் யாருடா இருக்கா? நீ வழுக்கினா எம் பொண்ணையும் இழுத்துக்கிட்டுத்தான் போவ!”

கூரைக்குக் கேட்கிற குரல். உள்ளறையில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த மகள் அறை வாசலுக்கு வந்தாள். “மாமா, அம்மா குடுக்கறதைப் போடுங்க. இல்லன்னா நான் வேற ஆளோட கயிறு கட்டிக்கறேன்.” சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. வாத்தியார் படியிலிருந்து இறங்கி உட்கார்ந்தார்.

அக்கா அலமாரியிலிருந்து வேறொரு ஜோடி எடுத்தாள். முழங்காலில் வைத்து அழுத்தினாலும் வளையாத அடிப்பாகம். குதிகாலில் முள்ளின் நெம்புகோல் கவ்விக்கொள்ள ஒரு விளிம்பு. மாட்டிவிட்டுச் சரிவுப் பலகையில் கீழ்நோக்கி நிற்க வைத்தாள்.

“விரல் முன்னாடி முட்டுதா?”

“லேசா.”

“லேசா முட்டினா எறங்கும்போது நகம் போயிரும். கழட்டு.”

அரை சைஸ் கூட்டியதில் முட்டவில்லை. முள்ளும் எஃகில் எடுத்தாள். பனிச்சரிவை எட்டுமுன் ஒரு மணி நேரம் உறைபனி படிந்த பாறை முகட்டில் முள்ளோடு நடக்க வேண்டிய வழி அது. அலுமினியம் அங்கேயே மழுங்கிவிடும். இதற்குள் அவன் பையிலிருந்து சின்னத் தராசை எடுத்து ஒரு பூட்ஸை வைத்துவிட்டான்.

“இருநூத்தி எழுபது கூடுதுக்கா.”

“கிலோ கணக்குல பூட்ஸ் இருக்கு, அதைக் குடுத்தேனா? கோடையில மூணு நாளுக்கு இது போதும், இதுக்குக் கீழ போகக் கூடாது. அது சரி, தராசை எதுக்குடா மலைக்குத் தூக்கிட்டுப் போற?”

“இல்ல… மேல போய்…” என்று இழுத்தான். மகள்தான் முதலில் சிரித்தாள். தராசு அக்காவின் இழுப்பறைக்குப் போனது.

எஃகு முள்ளின் நீளத்தைச் சரிசெய்து பூட்டினாள். அதன் அடியிலிருந்த பிளாஸ்டிக் தகட்டை ஒவ்வொரு மூலையாக அழுத்திப் பார்த்தாள். பிறகு தடித்த கையுறைகளை அவன் மடியில் போட்டாள். “இதைப் போட்டுக்கிட்டு நீயே மாட்டு. குளிர்ல வெறுங்கையோட உக்காந்து உனக்கு மாட்டிவிட யாரும் இருக்க மாட்டாங்க.”

முதல் தடவை இடதும் வலதும் மாறி, வாரின் பக்கிள் உள்பக்கம் வந்தது.

“உள்ள இருந்தா ஒரு கால் முள்ளு மறு கால் வாரைப் பிடிச்சு இழுக்கும். வெளிப்பக்கம்! கழட்டு, மறுபடி.”

இரண்டாவது முறை சரியாக வந்தது. நம்பாமல், வாரை அவிழ்க்கச் சொல்லிக் காலைத் தூக்கி உதறச் சொன்னாள். உதறினான். முள் அசையவில்லை. இன்னொரு தரம் உதறச் சொன்னாள்.

கழற்றி வாங்கி, முனைகளுக்கு ரப்பர் உறை மாட்டி, வாரைச் சுருட்டிக் கட்டினாள். பூட்ஸ்களின் நாடாக்களை ஒன்றாக முடிந்தாள். மகள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வாசலில் நின்றாள். அக்கா பூட்ஸையும் முள்ளையும் தம்பியின் கையில் கொடுத்தாள்.